பெட்ரோல் பம்ப்பின் அடியில் சொட்டுகிறதா?

கேள்வி: அப்பாவின் பழைய பெட்ரோல் அம்பாசடரில் பம்ப்பின் அடியில் சொட்டுகிறது. வாஷர் மாற்றினால் போதுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: போதாது. பெரும்பாலும் உள்ளே பெட்ரோலை உந்தும் ரப்பர் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்திருக்கும். அடியிலுள்ள சிறு துளை வழியாக வெளியே வரும் பெட்ரோல், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலும் இறங்கும். அதனால் இப்படி ஒரு வண்டி வந்தால் நான் முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத்தான் எடுத்து முகர்ந்து பார்ப்பேன். பெட்ரோல் வாடை அடித்தால், ஆயிலை மாற்றாமல் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயிலில் பேரிங் போய்விடும்.

இன்ஜின் ஆறியதும் பேட்டரி வயரைக் கழற்றி, டேங்க்கிலிருந்து வரும் ஹோஸை அடைத்துவிட்டு பம்ப்பை எடுங்கள். புதியதன் லீவர், இன்ஜினுக்குள் சுழன்று அதை இயக்கும் கேம் ஷாஃப்ட்டில் சரியாகப் படிய வேண்டும். போல்ட் முரண்டு பிடித்தால் இறுக்காதீர்கள். இன்ஜினைக் கையால் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி வையுங்கள். பழைய பேக்கிங் வேண்டாம். அப்புறம், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் டயாஃப்ரமா என்று கடையில் கேட்டே வாங்குங்கள்.