தோழியின் காதோடு நின்ற சந்தேகம்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டுக் கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராக வேலை செய்கிறேன். ஒன்பது பேர் கொண்ட எங்கள் குழு, இலண்டன் நிறுவனமொன்றின் கிளைகளுக்குச் சம்பள மென்பொருள் உருவாக்குகிறது. மென்பொருள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் தேவைக் குறிப்பில், சம்பளம் போகும் நாள் ‘மாதத்தின் கடைசி வேலை நாள்’ என்றிருந்தது. எந்த நாட்டு வேலை நாள் என்று எனக்குச் சந்தேகம். ஆங்கிலம் தடுமாறும் என்று கூட்டத்தில் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த தோழியிடம் மட்டும் சொன்னேன். சோதனையில் கொழும்புக் கிளையின் சம்பளம், இலங்கையில் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் வந்து விழுந்தது. இப்போது ஆளுக்கு ஆள் குற்றம் சொல்கிறார்கள். வேலை பிந்திவிட்டதால் இன்னும் மூவரைச் சேர்க்கப் போகிறார்களாம். நான் வேறு குழுவுக்கு மாறிவிடட்டுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: மாறாதீர்கள், சகோதரி. அந்தக் குழுவில் சரியான கேள்வி தோன்றியது உங்களுக்குத்தான்.

1999 செப்டெம்பரில், நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று தொலைந்துபோனது. ஒரு குழுவின் மென்பொருள் பவுண்ட் அலகில் கொடுத்த கணக்கை, இன்னொரு குழு நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. இது பலருக்கும் தெரிந்த கதை. என்னை உறுத்துவது வேறொன்று. எண்கள் ஒத்துவரவில்லை என்பதைப் பாதை கணித்தவர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். அந்தக் கவலை முறைப்படி பதிவாகாமல் மின்னஞ்சல்களோடு நின்றுவிட்டது. உங்கள் சந்தேகம் தோழியின் காதோடு நின்றதும் இதே போலத்தான்.

பழி முழுவதையும் நீங்கள் சுமக்க வேண்டாம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டவர் உங்கள் குழுத் தலைவர். நம் போயா விடுமுறை இலண்டனில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை; அதை எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் கொழும்பில் இருந்த ஒன்பது பேரும்.

ஆள் சேர்ப்பதைப் பற்றி எனக்குக் கவலைதான். ஒன்பது பேருக்கிடையே 36 சோடிகள். பன்னிரண்டு பேரானால் 66. அத்தனை சோடிகளுக்கிடையிலும் ஒரே சொல் ஒரே பொருளில் போய்ச் சேரவேண்டும். பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே எழுதினார். புதியவர்களுக்குப் பழையவர்களே கற்றுக்கொடுக்க வேண்டும், அந்த நேரமும் இதே வேலையிலிருந்துதான் போகும்.

ஆங்கிலத் தடுமாற்றத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். வரையறை கேட்காதீர்கள், திகதி கேளுங்கள். ‘2025 ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதச் சம்பளம் 29ஆம் திகதி வெள்ளியன்று போகவேண்டுமா? வெள்ளி போயாவாக இருந்திருந்தால் 28ஆ?’ இதற்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை, மழுப்பிப் பதில் சொல்லவும் முடியாது. கூட்டத்தில் நா எழவில்லையென்றால், முடிந்த கையோடு எல்லோருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். தேநீர் வேளையில் சிங்களத்தில் பேசி முடிவான விடயங்கள் இருந்தால், அவற்றையும் எழுதித் தரும்படி தலைவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பதில் வந்ததும், யார் எப்போது சொன்னார் என்பதோடு தேவைக் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். புதிதாக வரும் மூவரும் முதல் நாளில் அதைத்தான் படிக்கவேண்டும்.