ஆட்டிசம் உள்ள என் 4 வயது மகன் வெள்ளைச் சோறு, அப்பளம் தவிர எதையும் வாயில் வைப்பதில்லை. அவனுக்குத் தெரியாமல் சத்தானதை எப்படிக் கலந்து கொடுப்பது?

"தெரியாமல்" என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். தெரியாமல் மட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்துக் கெட்டவள் நான்.

என் பையனுக்கு அப்போது நாலரை வயது. இட்லி, பால், க்ரீமை வழித்தெடுத்த பிஸ்கட், இவ்வளவுதான் சாப்பாடு. தயிர்சாதத்தில் ஒரே ஒரு கடுகு பல்லில் பட்டு வாந்தி எடுத்தான். அன்றோடு தயிர்சாதம் போச்சு. ஹீமோகுளோபின் 8.4, ரத்தசோகை. டாக்டர் இரும்புச் சத்து சிரப் எழுதிக் கொடுத்தார். வாயில் ஊற்றினால் துப்புகிறான். நானும் பெரிய புத்திசாலி மாதிரி காலைப் பாலில் கலந்து, சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு, அவனுடைய நீல டம்ளரில் நீட்டினேன்.

வாய்வரை கொண்டுபோனான். முகர்ந்தான். டம்ளரைத் தரையில் வைத்தான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் சிங்க் முன்னால் நிறுத்தினான். பேச்சு வராத பிள்ளை. கொட்டு என்று அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

அதற்கப்புறம் ஒன்பது மாதம் பாலைத் தொடவில்லை. அந்த டம்ளரில் தண்ணீர்கூட வேண்டாம். மூன்று வகைச் சாப்பாடு இரண்டானது. இதில் கொடுமை, பாலோடு கொடுத்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராதாம். டாக்டர் பிறகு சொன்னார்.

"பசித்தால் தானாகத் தின்பான், பட்டினி போடு" என்று வரப்போகிறவர்களுக்கு: அதையும் மாமியார் சொல்லி ஒன்றரை நாள் பார்த்தாச்சு. குளுக்கோஸ் ஏற்றித்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். இது அடம் இல்லை. எடையும் சத்தும் குறைகிற அளவுக்கு முற்றினால் அதற்கு 'ஆர்ஃபிட்' (ARFID, உணவைத் தவிர்க்கிற கோளாறு) என்று பெயரே உண்டு, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்த டாக்டர்கள் பார்க்கிற, 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 கையேட்டில். எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. நான் டாக்டரும் இல்லை.

எங்களுக்கு வழி காட்டியது, சாப்பிடுவது, உடுத்துவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தின்கிற பொருளிலிருந்து ஒரே ஒரு படி தள்ளி வை என்றார். இட்லியை நறுக்கி நெய்யில் வாட்டி, அவன் தட்டுக்குப் பக்கத்தில் தனிக் கிண்ணத்தில் வைத்தேன். மூன்று வாரம் பார்த்ததோடு சரி. நாலாவது வாரம் விரலால் தொட்டு நக்கினான். அதிலிருந்து கல்தோசைக்கு நாலு மாதம். கேழ்வரகு மாவை அவன் கண்முன்னால், அவன் கையாலேயே தோசை மாவில் போடச் சொன்னேன். சிரப்பை ஊசியில்லாத சிரிஞ்சில் அவனே அமுக்கிக்கொள்கிறான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். தெரபிக்கு இவன் அப்பா வந்தது மொத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் "எவ்வளவு அக்கறையான அப்பா!" என்று அங்கே வரவேற்பு மேசையில் இருப்பவரின் பாராட்டு. இரண்டு பஸ் மாறி வாரம் மூன்று நாள் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் "பிஸ்கட் கொடுத்தே கெடுத்துட்டீங்க" என்றதும் அதே ஆள்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். அப்புறம், அவன் தின்பது உளுந்து அப்பளமா, அரிசி அப்பளமா? பொரித்ததா, சுட்டதா? சுட்டதையும் தின்பான் என்றால், முறுகல் தோசையின் ஓரத்தைக் கிள்ளி, அப்பளத் தட்டுக்குப் பக்கத்தில் தனியாக வைத்துப் பாருங்கள். தின்னச் சொல்லாதீர்கள்.