டிசம்பர் ஓட்டத்தில் ஜெபம்: கேள்வி பதில்

ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் போதகர் அல்ல. சபையில் வேதபாட வகுப்பு நடத்துகிறவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: வேலைக்குப் போகிறேன், இரண்டு குழந்தைகள். டிசம்பர் பிறந்தால் ஓட்டம்தான். ஜெபிக்க உட்கார்ந்தால் செய்யாமல் கிடக்கும் வேலைகள்தான் கண்முன் வருகின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பார்க்கட்டுமா, ஐயா?

பதில்: வேண்டாம், சகோதரி. தூக்கம் போதாத உடம்பை இன்னும் முன்னதாக எழுப்பினால் ஜெபத்தில் தூங்கிவிடுவீர்கள். பிறகு அதற்காகவும் வருந்துவீர்கள். பக்தியையும் ஒரு வேலையாக்கிப் பட்டியலின் கடைசியில் சேர்த்துவிடுகிறோம். பாதித் தொல்லை அதில்தான் இருக்கிறது. எதைச் சேர்க்கலாம் என்று கேட்கிறீர்கள். எதை விடப்போகிறீர்கள் என்று நான் கேட்கிறேன். பரிசுப் பரிமாற்றமோ, மூன்றாவது விருந்தோ, ஏதாவது ஒன்றை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். விடுவதை வீட்டில் எல்லோரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் அது உங்கள் தலையில்தான் விழும்.

இயேசு வீட்டுக்கு வந்தபோது பணிவிடையில் ஓடியாடிய மார்த்தாளின் கதையை (லூக்கா 10) எடுத்து, ஓடியாடி உழைக்கும் பெண்களைக் குட்டுகிற பிரசங்கங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவள் வேலை செய்ததை இயேசு குறைசொல்லவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குவதைத்தான் சுட்டிக்காட்டினார். யோவான் 11ஆம் அதிகாரத்தில், ‘நீர் தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து’ என்று அறிக்கையிடுகிறவளும் இதே மார்த்தாள்தான். அந்தப் பக்கத்தையும் அவளுக்குக் கொடுத்துவிடுவோம்.

வாசிப்புக்கு ஒரு வழி சொல்கிறேன். லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள் இருப்பதால் டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்றாக வாசிப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அதுவும் அதிகம். முதல் இரண்டு அதிகாரங்களே போதும்: 80, 52 என மொத்தம் 132 வசனங்கள், ஒரு நாளைக்கு ஐந்தாறு. இடையில் ஏதாவது வேலை நினைவுக்கு வந்தால் விரட்டாதீர்கள். அது யாருக்காகச் செய்கிற வேலையோ அவர் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பிறகு விட்ட வசனத்துக்குத் திரும்புங்கள்.

கேள்வி: பாடகர் குழுவில் இருக்கிறேன். தினமும் பயிற்சி, கேரல் பவனி. வாய் பாடுகிறது, மனம் வறண்டு கிடக்கிறது.

பதில்: தம்பி, இராகத்தை விட்டுவிட்டு வரிகளை மட்டும் ஒருமுறை வீட்டில் வாசித்துப் பாருங்கள். சுருதியும் தாளமும் கவனத்தைப் பிடித்துக்கொள்ளும்போது பொருள் நழுவுவது இயல்பு. லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்களில் நான்கு துதிகள் இருக்கின்றன: மரியாள், சகரியா, தேவதூதர்கள், சிமியோன். இவற்றில் சகரியாவின் பாட்டை (1:68–79) உங்களுக்குச் சொல்வேன். மாதக்கணக்கில் பேச்சில்லாமல் இருந்தவர் வாய் திறந்ததும் பாடியது அது. பவனிக்குப் பவனி அரட்டையடிக்காமல் நடந்து பாருங்கள், அதுவும் உதவும்.

கேள்வி: இன்று 18ஆம் தேதி. திருவருகைக் காலம் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய ஆயத்தக் காலம்) தொடங்கியதே தெரியாமல் போய்விட்டது. இனி என்ன செய்ய?

பதில்: தாமதம் ஒன்றுமில்லை. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலை ஜெபத்தில் கிறிஸ்துவை ஏழு பெயர்களால் ‘வாரும்’ என்று அழைக்கும் மிகப் பழைய வழக்கம் மேற்கத்தியத் திருச்சபையில் உண்டு: ஞானம், ஆண்டவர், ஈசாயின் வேர், தாவீதின் திறவுகோல், உதயம், ஜாதிகளின் ராஜா, இம்மானுவேல். நாளுக்கு ஒரு பெயர், ஒரே வரி ஜெபம். இன்று ‘ஆண்டவர்’.

மேலும், கிறிஸ்துமஸ் 25ஆம் தேதி இரவோடு முடிவதில்லை. ஜனவரி 6, ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைக்கும் எபிபெனி திருநாள் வரை அந்தக் காலம் நீள்கிறது. 26ஆம் தேதி ஊரே ஓய்ந்துவிடும். அமைதியாக உட்கார அதைவிட நல்ல வாரம் கிடையாது. நாம்தான் அன்றைக்கே நட்சத்திரத்தைக் கழற்றிவிடுகிறோம்.

கேள்வி: இந்த ஆண்டு அம்மா இறந்துவிட்டார்கள். பாட்டுச் சத்தம் கேட்டாலே அழுகை வருகிறது. ஆலயத்துக்குப் போகாமல் இருந்தால் தவறா?

பதில்: தவறே இல்லை. மத்தேயு எழுதிய பிறப்புக் கதையிலேயே, ஆறுதலடைய மனதில்லாமல் அழுகிற ராகேல் இருக்கிறாள் (2:18). பல சபைகளின் நாட்காட்டியில் டிசம்பர் 28, பெத்லகேமில் ஏரோது ராஜா கொன்ற குழந்தைகளின் நினைவு நாள். பெத்லகேமின் அழுகையைப் பண்டிகைக்கு வெளியே யாரும் தள்ளிவைக்கவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றுகூடக் கடைசியில் இல்லை. வேறு வார்த்தை வராத நாளில் அதைச் சொல்லுங்கள். ஆண்டின் நீண்ட இரவான 21ஆம் தேதியை ஒட்டி, துக்கத்தில் இருப்பவர்களுக்கென்று ஆரவாரமில்லாத ஆராதனை நடத்தும் சபைகளும் உண்டு, விசாரித்துப் பாருங்கள். ஆலயத்துக்குப் போனால் கடைசி வரிசையில் உட்காருங்கள், முடியாதபோது எழுந்து வந்துவிடுங்கள். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மெழுகுவர்த்தி வளையம் இல்லாமல் வருகைக் காலத்தை அனுசரிக்கலாமா?

பதில்: தாராளமாக. அது 1839இல் ஹம்பர்க் நகரில் யோகான் விக்கர்ன் என்ற போதகர், ஏழைப் பிள்ளைகள் நாள் எண்ணுவதற்காகச் செய்துகொடுத்தது. அதற்கு முன்பும் பல நூற்றாண்டுகள் திருச்சபை காத்திருந்துதான் வந்தது.

கேள்வி: நான் நர்ஸ். 24ஆம் தேதி இரவுப் பணி. ஆராதனை போய்விடுமே?

பதில்: நற்செய்தியை முதலில் கேட்டவர்கள் இரவுப் பணியில் இருந்த மேய்ப்பர்கள்தானே! நீங்கள் கத்தோலிக்கர் என்றால் விடியல் திருப்பலியும் பகல் திருப்பலியும் அந்தப் பெருவிழாவுக்கே உரியவை. தனித்தனி வாசகங்கள்கூட உண்டு. பணி முடிந்ததும் தூங்கிவிட்டுப் பகல் திருப்பலிக்குப் போங்கள்.

கேள்வி: கைப்பேசிச் செயலியில் தினத்தியானம் தொடங்கினேன். மூன்று நாள் விட்டுப்போயிற்று. அது தினமும் நினைவூட்டிக் குத்துகிறது.

பதில்: நினைவூட்டலை அணைத்துவிட்டு இன்றைய பகுதியை வாசியுங்கள். விட்ட மூன்று நாள் கணக்கு அந்தச் செயலிக்குத்தான் தேவை.