கூலன்ட் குறைவதற்காக லெசேபரை விற்றுவிடாதீர்கள்

வணக்கம் நண்பரே. உங்கள் 2003 ப்யூக் லெசேபர் காரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, மெக்கானிக் "எஞ்சின் போச்சு, தள்ளிவிடுங்கள்" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

அதில் இருப்பது 3800 சீரீஸ் II, 3.8 லிட்டர் வி6 எஞ்சின். பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 2 லட்சம் மைல் தாண்டி ஓடும். அதன் பலவீனமே பிளாஸ்டிக்தான். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பிராக்கெட்டில், கூலன்ட் போகிற கட்டைவிரல் அளவு வளைந்த குழாய்கள், அதாவது பிளாஸ்டிக் எல்போ, இரண்டு இருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, கழற்றும்போதே பிஸ்கட் மாதிரி நொறுங்கும். கசிவது சூடான எஞ்சின் மேலேயே ஆவியாகிவிடுவதால் தரையில் தெரியாது. டார்ச் அடித்து அங்கே ஈரமோ ஆரஞ்சுப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அலுமினிய எல்போ வாங்கிப் போடுங்கள், விலை குறைவுதான்.

அங்கே காய்ந்திருந்தால், எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேல் இன்டேக் மேனிஃபோல்டைச் சந்தேகப்படுங்கள். அதுவும் பிளாஸ்டிக். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் குழாயின் சூட்டில் அரித்து, கூலன்ட் சிலிண்டருக்குள் போகும். புகைபோக்கியில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். சிலிண்டரில் நீர் தேங்கினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். எதற்கும் முதலில், கூலன்ட் பாதையில் அழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடும் ஒரு பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

என்னிடம் 2001 மாடல் இருக்கிறது. முன்பக்கம் சோஃபா போல நீள சீட், கியர் ஸ்டியரிங் பக்கத்தில். முட்டிவலிக்கார அம்மா வேறு எந்தக் காரிலும் ஏற மறுக்கிறார். டெஸ்ட் முடிவை இங்கே எழுதுங்கள், அப்புறம் அடுத்ததைப் பார்க்கலாம்.