குழியைக் காட்டிவிட்டுப் பறிக்கட்டும்!

(பழைய ஆக்‌ஷன் வீடியோ கேம்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ இன்றும் அலுக்கவில்லை. அதே காலத்து வேறு பல கேம்களைப் பத்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லையே, ஏன்?

பதில்: 1985-ல் வந்த அந்த கேமின் முதல் லெவலில், பாதிக்கு மேல் போனதும் படிக்கட்டுபோல் ஏறி இறங்கும் கல் மேடுகள் இரண்டு ஜோடி வரும். முதல் ஜோடிக்கு நடுவே தரை உண்டு. தவறி விழுந்தால் மேலேறி வந்து மறுபடி தாவலாம். அடுத்த ஜோடிக்கு நடுவே தரை கிடையாது, விழுந்தால் ஓர் உயிர் போச்சு. தாவ வேண்டிய தூரம் என்னவோ அதேதான். முதலில் இலவசமாகப் பழக்கிவிட்டு, பிறகுதான் கட்டணம் கேட்கிறார்கள்.

முதல் காளானும் அப்படித்தான். பெட்டியிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் உருண்டு, பச்சைக் குழாயில் மோதி உங்களை நோக்கியே திரும்பும். எதிரி என்று பயந்து விலகப் பார்ப்பவரும் பெரும்பாலும் அதில் முட்டிக்கொள்வார், முட்டியதும் பெரிதாவார். ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படவில்லை.

தாங்க முடியாத கேம்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். இறங்கும் இடம் திரைக்கு வெளியே இருக்க, கண்ணை மூடிக்கொண்டு தாவச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய குறை, திரும்பி வரும் தூரம். செத்த இடத்துக்குப் பத்து வினாடியில் வந்துவிட முடிந்தால் எவ்வளவு கடினமான தாவலும் சுவைதான். ஏற்கெனவே தெரிந்த மூன்று நிமிடப் பாதையை மறுபடி ஓடிவிட்டுத்தான் வர வேண்டும் என்றால், சுமாரான தாவல்கூடத் தண்டனையாகிவிடும்.

கேள்வி: ‘நிஞ்சா கைடன்’ முதல் பாகத்தில் ஒரு பறவையைக் கொன்றுவிட்டு ஓரடி பின்னால் வைத்தால், அதே பறவை மறுபடி வருகிறது. பிழையா?

பதில்: பிழையில்லை. அந்த கேமில் ஒவ்வோர் எதிரிக்கும் லெவலில் ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். திரையின் விளிம்பு அந்த இடத்தைத் தொட்டதும் எதிரி பிறக்கும். அதைக் கொன்ற கணக்கை கேம் நினைவில் வைப்பதில்லை. அந்த கேம் ஓடிய நின்டென்டோ (என்.இ.எஸ்.) கருவியின் வேலை நினைவகமே 2 கிலோபைட்தான் என்பதால், திரையில் இருப்பதை மட்டும் கணக்கில் வைப்பது அன்று வழக்கமாக இருந்தது. நீங்கள் பின்வாங்கும்போது அந்த இடம் திரைக்கு வெளியே போய், முன்னேறும்போது மறுபடி உள்ளே வருகிறது. பறவையும் கூடவே வருகிறது.

ஆகவே எதிரியை வெட்டிய கையோடு நிற்காமல் நாலைந்து அடி முன்னேறிவிடுங்கள். மேடையின் நுனியில் நின்று யோசிப்பதுதான் ஆபத்து. அடி பட்டால் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவதால், பறவை எடுப்பது கொஞ்சம் சக்தியைத்தான் என்றாலும் பள்ளம் முழு உயிரையும் எடுத்துக்கொள்ளும். இந்த அளவுக்கு நியாயம் சொல்லலாம். ஆனால் கடைசி பாஸிடம் (கட்டத்தின் முடிவில் காத்திருக்கும் பெரிய எதிரியிடம்) தோற்றால் ஆறாம் கட்டத்தின் தொடக்கத்துக்கே அனுப்புகிறார்களே, அதற்கு எந்த நியாயமும் கிடையாது.

கேள்வி: 1996-ன் ‘டூம்ப் ரைடர்’ ஆடத் தொடங்கினேன். பாதித் தாவல்களில் நாயகி லாரா பள்ளத்தில் விழுகிறாள். கன்ட்ரோல் மோசமா, நான் மோசமா?

பதில்: இரண்டுமில்லை. இன்றைய கேம்போல ஆடுகிறீர்கள், அவ்வளவுதான். அந்த உலகம் முழுவதும் ஒரே அளவுச் சதுரங்களால் கட்டப்பட்டது. லாராவின் அசைவுகளும் அந்தச் சதுரத்துக்கு அளவெடுத்தவை. நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு சதுரப் பள்ளத்தைத் தாண்டுவாள். ஓடித் தாவினால் இரண்டு. ஓடித் தாவி, காற்றிலேயே பிடிக்கும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் மூன்று சதுரத்துக்கு அப்பால் உள்ள விளிம்பைப் பற்றுவாள்.

முறை இதுதான்: நடை பட்டனை அழுத்தியபடி விளிம்புவரை போங்கள். அந்தப் பட்டன் அழுந்தியிருக்கும்வரை அவள் விழமாட்டாள். பின்பக்க பட்டனை ஒரு தட்டு தட்டினால் பின்னால் ஒரு துள்ளு துள்ளுவாள். ஓடிவரத் தேவையான தூரம் சரியாக அவ்வளவே. இப்போது முன்பக்க பட்டனை அழுத்தி, அவள் ஓடத் தொடங்கியதுமே தாவும் பட்டனையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு வந்ததும் தானே எழும்புவாள். விளிம்பில் பட்டனைத் தட்டலாம் என்று காத்திருப்பதால்தான் விழுகிறாள்.

இது பழகிவிட்டால் அறைகள் வேறு மாதிரி தெரியும். உள்ளே நுழைந்ததும் தரையின் சதுரங்களை எண்ணிப் பார்த்து, எது எட்டும், எது எட்டாது என்று தாவுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். அந்த கேமின் உண்மையான புதிர் இதுதான். நெம்புகோல்களும் சாவிகளும் உபரி. 2007-ல் வந்த மறுஆக்கம் இந்தச் சதுரக் கணக்கைக் கைவிட்டது. அசைவு அழகானது, எண்ணும் சுகம் போய்விட்டது.

கேள்வி: ‘செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்’ தண்ணீர்க் கோயிலில் ஒரு சாவி குறைகிறது. எங்கே விட்டேன்?

பதில்: பெரும்பாலும் நடுக்கோபுரத்தில். நீர்மட்டத்தை நடுநிலைக்கு உயர்த்தியதும் கோபுரத்துக்குள் ஒரு கட்டை மிதந்து மேலே வரும். அது முன்பு இருந்த இடத்தில் இப்போது ஒரு குழி திறந்திருக்கும். இரும்புக் காலணி போட்டு உள்ளே இறங்கினால் சாவிப் பெட்டி கிடைக்கும். அங்கும் இல்லையென்றால் திசைகாட்டியை எடுத்துவிட்டு வரைபடத்தை மாடி மாடியாகப் பாருங்கள். எஞ்சிய பெட்டிகள் அதில் தெரியும்.

அந்தக் கோயில் இத்தனை திட்டு வாங்கினாலும், மூன்று நீர்மட்டங்களை வைத்து ஒரே கட்டடத்தை மூன்று கட்டடமாக்கிய யோசனை அபாரமானது. கெடுத்தது காலணிதான். 1998 பதிப்பில் அதைப் போடவும் கழற்றவும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவுக்குள் போக வேண்டும். 2011-ல் 3டிஎஸ் கையடக்கக் கருவிக்கு வந்த பதிப்பில் காலணியை ஒரு பட்டனுக்கு மாற்றி, நீர்மட்டம் மாற்றும் இடங்களுக்கு வழிகாட்ட சுவரில் வண்ணப் பட்டைகளும் போட்டார்கள். புதிரை அப்படியே விட்டுவிட்டார்கள்; கோபம் பாதியாகக் குறைந்தது.

கேள்வி: ‘மெகா மேன் 2’-வில் மறைந்து தோன்றும் கட்டைகளா, வில்லன் வைலியின் கோட்டையில் நாலாம் கட்டத்தின் பாஸா, எது மோசமான வடிவமைப்பு?

பதில்: சந்தேகமே இல்லாமல் பாஸ். கட்டைகள் ஒரே வரிசையில்தான் தோன்றும், ஒலியும் கொடுக்கும். ஏர் மேன் என்ற பாஸை முன்பே வென்றவருக்கு ஐட்டம்-2 என்ற பறக்கும் பலகையில் ஏறிப் பறந்துவிடும் வழியும் உண்டு. அந்த பாஸுக்கோ கிராஷ் பாம் என்ற குண்டு ஒன்றுதான் மருந்து. நிரம்பிய ஆயுதச் சக்திக்கு ஏழு குண்டு. வழியிலுள்ள சுவர்களையெல்லாம் உடைத்தால் வீணாக்க ஒன்றுகூட மிஞ்சாது. குண்டு தீர்ந்த நிலையில் உயிரை மட்டும் இழந்தால் சக்தி நிரம்பாது. எல்லா உயிரையும் விட்டு, ‘கன்டினியூ’ கொடுத்தால் நிரம்பும். கட்டத்தை மட்டும் முதலிலிருந்து ஆட வேண்டும்.

கேள்வி: சிறுவயதில் எளிதாகச் செய்த தாவல்கள் எமுலேட்டரில் (பழைய கேம்களை இன்றைய கருவியில் ஓட்டும் மென்பொருளில்) வரவில்லை. வயதாகிவிட்டதா?

பதில்: முதலில் டிவியைச் சந்தேகப்படுங்கள். மரியோ, நிஞ்சா கைடன், மெகா மேன் போன்றவை வினாடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படம்) ஓடுபவை. ஒரு பிரேம் சுமார் 16.7 மில்லி வினாடி. டிவி 80 மில்லி வினாடி தாமதித்தால் ஏறக்குறைய 5 பிரேம் பிந்திப் பார்க்கிறீர்கள். டிவியை ‘கேம் மோட்’-க்கு மாற்றுங்கள், அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், ஒயர் கன்ட்ரோலர் பயன்படுத்துங்கள்.

ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருள் வைத்திருந்தால், தாமதத்தைக் குறைக்கும் ‘ரன்-அஹெட்’ வசதி உண்டு. ஆட்டத்தை நிறுத்தி, தாவும் பட்டனைப் பிடித்தபடி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். மூன்றாவது பிரேமில் ஆள் அசைந்தால் அந்த வசதியின் எண்ணை 2 என்று வையுங்கள். தாவும்போது படம் துண்டாகக் குதித்தால் ஒன்று குறைக்கவும். ஐரோப்பியப் பதிப்பு ஓடுகிறதா என்றும் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பழைய தாளம் கைக்கு வராது.