இவன் முன்னால்தான் ரோமே நடுங்கியது

அன்புள்ள ஐயா,

ஓபரா கேட்கத் தொடங்கி ஆறு மாதங்கள்தான் ஆகின்றன. புச்சீனியின் ‘டோஸ்கா’வுக்கு எந்தப் பதிவு நல்லது என்று விசாரித்தேன். கேட்ட இடமெல்லாம் 1953-இல் மிலானில் மரியா காலாஸ் பாடியதைத்தான் சொன்னார்கள். ஆசையோடு கேட்டேன். ஏமாற்றம். ஒலி பழைய ரேடியோ போல ஒரே இடத்திலிருந்து வருகிறது. முதல் அங்கத்தின் முடிவில் கூட்டமும் மணியும் ஒன்றன்மேல் ஒன்று நசுங்குகின்றன. காலாஸ் மேல் ஸ்தாயிக்குப் போனால் எனக்குப் பல் கூசுகிறது. பிறகு 1962-இல் காரயான் இசைக்குழுவை நடத்தி லியோன்டின் பிரைஸ் பாடிய பதிவைக் கேட்டேன். தேன்!

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து இசை கேட்பதுண்டு. அங்கே இதைச் சொன்னபோது மூத்தவர் ஒருவர், “உங்கள் காது இன்னும் பழுக்கவில்லை” என்றார். இன்னொருவர், “காலாஸ் புகழெல்லாம் அவருடைய காதல் கதையால் வந்தது, குரலால் அல்ல” என்று என் பக்கம் பேசினார். இருவர் சொன்னதும் எனக்கு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் காதில் பழுது ஒன்றும் இல்லை. “காது பழுக்கவில்லை” என்பது பேச்சை முடித்துவைக்கப் பெரியவர்கள் கையாளும் பழைய உபாயம். அந்த உபாயத்தை நானும் சிலரிடம் கையாண்டிருக்கிறேன். பதில் கைவசம் இல்லாதபோதுதான்.

உங்கள் பக்கம் பேசியவரின் வாதமும் நிற்காது. 1953 ஆகஸ்டில் காலாஸுக்கு வயது 29. கப்பல் முதலாளி ஒனாஸிஸோடான விவகாரமும் பத்திரிகைக் கிசுகிசுவும் பல வருடங்கள் கழித்து வந்தவை. அவை எதுவும் அந்த ஒலிநாடாவில் இல்லை.

இனி உங்கள் புகார்கள். ஒலியைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அது மோனோ பதிவு. முதல் அங்கத்தின் முடிவில் ரோமின் சான்ட் ஆந்த்ரேயா தேவாலயத்தில் ‘தே தேயும்’ துதி எழுகிறது. ஆர்கன், மணிகள், தூரத்துப் பீரங்கி, பாடகர் கூட்டம், எல்லாவற்றுக்கும் நடுவே கதாநாயகி டோஸ்காவை எப்படி அடைவது என்று திட்டம் போடும் போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியா. இவ்வளவையும் ஒரே வாசல் வழியாக உள்ளே அனுப்பினால் நெரிசல்தான். ஜான் கல்ஷா தயாரித்த 1962 வியன்னா பதிவில் அந்த ஊர்வலம் ஆழத்திலிருந்து எழுந்து வருவது கேட்கிறது. அந்தக் காட்சி மட்டும் வேண்டும் என்றால் நானும் அதைத்தான் எடுப்பேன்.

காலாஸின் குரல் பற்றிய புகார் பழையது. இத்தாலியர்களே அந்த நாளில் அதற்காக இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். எதிர்க்கட்சியின் தெய்வம் ரெனாட்டா தெபால்டி. கீழிருந்து மேல்வரை ஒரே நிறமாக, ஆற்றிய பால் மாதிரி இறங்கும் குரல். காலாஸிடம் அந்தச் சமன் கிடையாது. கீழ் ஸ்தாயியில் ஒருத்தி, நடுவில் ஒருத்தி, மேலே இன்னொருத்தி. மேலே இருப்பவள் சில சமயம் கூர்மையாகக் கிழிக்கிறாள். நம் கச்சேரி ரசிகர்கள் சாரீரம் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்களே, அதைத் தேடிப் போகிறவர் காலாஸிடம் தங்கமாட்டார். அதில் தப்பில்லை. இரண்டாம் அங்கத்தில் வரும் ‘விஸ்ஸி தார்த்தே’ பாட்டுக்கு இன்றைக்கும் நான் பிரைஸிடம்தான் போகிறேன்.

நானும் உங்கள் கட்சியில் இருந்தவன்தான். நண்பர் ஒருவர் இந்த 1953 டோஸ்காவை ஒலிநாடாவில் பிரதி எடுத்துக் கொடுத்தார். இரைச்சல் பாதி, இசை பாதி. இரண்டாம் அங்கம் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி, மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பல வருடங்கள் கழித்து, ஓபராவின் பாட்டுப் புத்தகத்தை மொழிபெயர்ப்போடு மடியில் வைத்துக்கொண்டு கேட்டபோதுதான் முதல் தடவை எதைத் தவறவிட்டேன் என்று தெரிந்தது.

கதை உங்களுக்குத் தெரியும் என்றாலும் அந்த இடத்தை மட்டும் சொல்கிறேன். 1800 ஜூன், ரோம். ஃபார்னேஸே அரண்மனையில் ஸ்கார்ப்பியா இரவு உணவு உண்கிறான். பக்கத்து அறையில் டோஸ்காவின் காதலன், ஓவியன் கவரதோஸியைச் சித்திரவதை செய்கிறார்கள். அவன் அலறலைக் கேட்கப் பொறுக்காமல் அவள், தப்பியோடிய கைதி ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறாள். காதலன் உயிருக்கு விலையாக அவளையே கேட்கிறான் ஸ்கார்ப்பியா. ஒப்புக்கொண்டவள் போல நின்று, சாப்பாட்டு மேஜையிலிருந்த கத்தியால் அவனைக் குத்துகிறாள். அவன் செத்த பிறகு ஒரு வரி: இவன் முன்னால்தான் ரோமே நடுங்கியது.

அந்த வரிக்குப் புச்சீனி மெட்டே போடவில்லை. தாழ்ந்த ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது. குரல்வளம் உள்ள பாடகிக்கு அங்கே காட்டுவதற்கு எதுவும் கிடையாது. சிலர் கர்ஜிக்கிறார்கள், சிலர் வெறும் பேச்சாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். காலாஸ் சொல்லும்போது எனக்கு வெற்றியும் கேட்கவில்லை, வெறுப்பும் கேட்கவில்லை. ‘இவனா? இவ்வளவுதானா?’ என்ற திகைப்புத்தான் கேட்கிறது. ஒத்திகையில் தானாக வாய்த்த பாவம் இல்லை அது. அந்த ஒரு வரியை அவர் திரும்பத் திரும்பப் பாடவேண்டியிருந்தது. பாடவைத்தவர் இசைக்குழுவின் நடத்துநர் விக்டர் தெ சபாத்தா.

காலாஸ் பக்தர்களோடு எனக்குப் பிணக்கு வருவதும் இங்கேதான். அவர்கள் சண்டை போடுவது, எதிர்க்கட்சிக்காரர்கள் திட்டுவது எல்லாம் காலாஸின் குரலை வைத்துத்தான். இந்தப் பதிவின் சொந்தக்காரர் தெ சபாத்தா. திரியெஸ்தேயில் பிறந்தவர், மிலானின் லா ஸ்காலா ஓபரா அரங்கில் பல காலம் ஆண்டவர், அப்போது வயது 61. ஸ்டூடியோ முறையில் அவர் முழுதாகப் பதிவு செய்த ஓபரா இது ஒன்றுதான். சில மாதங்களிலேயே மாரடைப்பு வந்து மேடையிலிருந்து ஏறக்குறைய ஒதுங்கிவிட்டார்.

தயாரிப்பாளர் வால்ட்டர் லெக் பிற்பாடு எழுதியிருக்கிறார்: ஸ்கார்ப்பியாவாகப் பாடிய டிட்டோ கோப்பி முதல் அங்கத்தில் தன் பகுதியை முப்பது முறை பாடவேண்டியிருந்ததாம். தனித்தனி அசைகளின் நிறத்தைக்கூட மாற்றச் சொல்லித் தெ சபாத்தா திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். நீங்கள் நசுங்குகிறது என்று சொன்ன அந்தத் துதிக் காட்சி மட்டுமே ஒரு முழு அமர்வின் பெரும்பகுதியைத் தின்றது. லெக்கின் கையில் மிஞ்சியது மைல் கணக்கான நாடா. அதிலிருந்து தேர்ந்து, வெட்டி, ஒட்டித்தான் இன்று நாம் கேட்பது.

‘அரங்கில் உட்கார்ந்து நேரில் பார்ப்பது போன்ற சூடு’ என்று இந்தப் பதிவைப் புகழ்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த அரங்கு? ஆகஸ்டு மாதத்து லா ஸ்காலா. பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. முப்பதாவது முறையாகப் பாடியதில் வரும் சூடு அது. ஒட்டுப்போட்ட கலை என்று இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் சங்கடம் ஏதும் இல்லை. தச்சன் எத்தனை தடவை இழைத்தான் என்று நாற்காலியில் உட்காருகிறவன் கேட்பதில்லை.

கொலைக்குப் பிறகு வரும் சில நிமிடங்களைக் கேளுங்கள். பாட்டே கிடையாது, வாத்தியங்கள் மட்டும். டோஸ்கா விரலிலிருந்த ரத்தத்தைக் கழுவுகிறாள், கூந்தலைச் சரிசெய்கிறாள், ஊரைவிட்டுத் தப்பிப்பதற்கான அனுமதிச் சீட்டைத் தேடுகிறாள். அது பிணத்தின் கைக்குள் இருக்கிறது. அதை உருவிய பிறகுதான் அந்த வரி. பின்பு இரண்டு மெழுகுவத்திகளைப் பிணத்தின் தலைக்கு இருபுறமும் வைத்து, சிலுவையை மார்பில் வைக்கிறாள். ஓபராவின் முதல் நொடியில் இடி மாதிரி இறங்கிய ஸ்கார்ப்பியாவின் மூன்று ஸ்வரக் கூட்டுகள் இங்கே மூச்சுக் காற்றளவில் திரும்ப வருகின்றன. பல நடத்துநர்கள் இதைத் திரை இறங்குவதற்கான பின்னணியாக நடத்திவிட்டுப் போகிறார்கள். தெ சபாத்தாவிடம் வயலின்கள் சாவு வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறவர்கள் போல ஒலிக்கின்றன. மோனோதான். ஆனால் அறையில் ஒரு பிணம் கிடக்கிறது.

காரயானே இதற்குச் சாட்சி. நீங்கள் தேன் என்ற அதே 1962 பதிவின்போது, அவர் அடிக்கடி தெ சபாத்தாவின் சில இடங்களைப் போடச் சொல்லிக் கேட்டார் என்று கல்ஷா தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இது அந்த மனிதரின் ரகசியம், தன்னால் முடியாது என்று ஓரிடத்தில் ஒப்புக்கொண்டாராம். காரயான் அப்படி லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

இன்னொரு விஷயம், நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. இரண்டு பதிவிலும் கவரதோஸி ஒரே ஆள்தான்: ஜூஸெப்பே டி ஸ்தெஃபானோ. 1953-இல் அந்தக் குரலில் வெயில் அடிக்கிறது. மரெங்கோவில் நெப்போலியன் வென்ற செய்தி வந்ததும் ‘வெற்றி’ என்று கத்துகிறாரே, அதைக் கேளுங்கள். ஒன்பது வருடங்களில் குரல் தடித்துவிட்டது. நல்ல குரலுக்காக 1962-க்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. அதற்காக அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் என்னால் முடியாது. மூன்றாம் அங்கத்து நட்சத்திரப் பாட்டில் 1953-இலும் அழுகை கொஞ்சம் அதிகம். கோப்பியின் ஸ்கார்ப்பியாவைவிட 1962-இன் தாத்தேயை விரும்புகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. தாத்தேயின் குரல் உருண்டையானது, புன்னகைத்துக்கொண்டே அறுக்கும். கோப்பி கசப்பு.

காலாஸே 1964 டிசம்பரில் பாரிஸில் மறுபடி டோஸ்கா பாடினார், ஸ்டீரியோவில். ஒலிக்காக அதை வாங்கிவிடாதீர்கள். கவரதோஸியாகப் பெர்கோன்ட்ஸி அழகாகப் பாடுகிறார், கோப்பியும் இருக்கிறார். காலாஸின் குரல் அதற்குள் தேய்ந்துவிட்டது. இப்போதே பல் கூசுகிறது என்கிற உங்களுக்கு அது ஆகாது.

ஆகவே முழு ஓபராவையும் மறுபடி கேட்க வேண்டாம். இரண்டாம் அங்கம் மட்டும் போதும், நாற்பது நிமிடம்தான். பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகும் பிரைஸ்தான் உங்களுக்கு என்றால் மூத்தவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். என் அலமாரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன.

கொலை முடிந்ததும் ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். அந்த வரி தாழ்வாகத்தான் வரும்.