அலுமாரிக்குள் ஓர் இத்தாலிப் போத்தல்

கேள்வி: எங்கள் விடுதியில் தங்கிய இத்தாலியத் தம்பதி, போகும்போது ஒரு சிவப்பு வைன் போத்தல் தந்தார்கள். ‘பியோந்தி சாந்தி, புருனெல்லோ டி மொன்டல்ச்சீனோ, 1997’ என்று எழுதியிருக்கிறது. போன வருடத்திலிருந்து அலுமாரியில் நிற்கிறது. பழுதாகியிருக்குமா? நல்ல விலை போகும் என்கிறான் மச்சான். விற்கலாமா, ஐயா?
– ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: விற்கிற கதையை விடுங்கள். உரிமம் இல்லாமல் மதுபானம் விற்றால் மச்சான் பிணை எடுக்க வரவேண்டியிருக்கும்.

ஆனால் அவர் விலையைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. இத்தாலியின் டஸ்கனியில் மொன்டல்ச்சீனோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கிரெப்போ தோட்டத்து வைன் அது. அந்தப் பக்கத்தில் பல திராட்சைகளைக் கலந்து வைன் போட்ட காலத்தில், இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டியின் படையில் சண்டை போட்டுவிட்டு வந்த ஃபெருச்சோ பியோந்தி சாந்தி, சாஞ்சோவேசே என்ற ஒரே திராட்சையில் மட்டும் போட்டுப் பார்த்தார். பேர்பெற்ற முதல் வைன் 1888 அறுவடையினுடையது. புளிப்பும் துவர்ப்பும் தூக்கலான திராட்சை. இளசாகக் குடித்தால் வாய் கூசும், வருடக்கணக்கில் நின்றால் பதமாகும். இப்போதைய விதிப்படி, புருனெல்லோ என்ற இந்த வகை வைன் இரண்டு வருடமாவது ஓக் மரப் பீப்பாவில் இருக்கவேண்டும்; அறுவடைக்குப் பின் ஐந்தாம் வருடம் ஜனவரிக்கு முன் கடைக்கு வராது.

எனக்கு அந்தக் குடும்பத்தில் பிடித்தது இன்னொரு கதை. இரண்டாம் உலகப்போர் தங்கள் ஊரை நெருங்கியபோது, 1888, 1891 போத்தல்களைச் சுவருக்குப் பின்னால் வைத்துக் கட்டி மறைத்துவிட்டார்கள். நம் திருகோணமலைச் சீனன்குடாவில் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இங்கே யார் எதை ஒளித்தார்களோ!

சரி, உங்கள் போத்தல். 1997 அங்கே பேர்போன வருடம்தான். பிரச்சினை உங்கள் அலுமாரி. இந்த வைனுக்கு 12, 14 பாகை வேண்டும். திருகோணமலையில் மே, ஜூனில் வீட்டுக்குள்ளேயே 30ஐத் தாண்டுகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வைன் போத்தலின் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தாலோ, தக்கை மேலே தள்ளியிருந்தாலோ, மூடித்தாளின் ஓரம் பிசுபிசுத்தாலோ, சூடு பட்டிருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் குடிக்கலாம், ஆனால் இனியும் வைத்திருக்காதீர்கள். அதுவரை பிரிட்ஜில் மரக்கறித் தட்டில் படுக்கவையுங்கள்.

குடிக்க முதல் நாள் நிமிர்த்தி வையுங்கள், அடியில் மண்டி தங்கும். தக்கை பழசு, நொறுங்கும். நொறுங்கினால் சுத்தமான தேத்தண்ணீர் வடியில் வடியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆட்டாமல், கழுத்துக்குக் கீழே டோர்ச் வெளிச்சம் பிடித்து மெல்ல ஊற்றி, மண்டி வரும் இடத்தில் நிறுத்துங்கள். நிறம் செங்கல்போல் வெளிறியிருந்தால் பயப்படாதீர்கள், வயசின் நிறம் அதுதான். வினாகிரி மணம் அடித்தால்தான் பழுது.

நண்டுக்கறியோடு மட்டும் வேண்டாம். நம் தூளின் உறைப்பில் துவர்ப்பு கசப்பாகும். மிளகு போட்டுப் பொரித்த மாட்டிறைச்சி போதும்.

கேள்வி: சிவப்பு வைனில் ஐஸ் போடலாமா?
– ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: மலிவான வைன் என்றால் தாராளமாக, அக்கா. நல்லதைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள். 18 பாகை அளவில் இருந்தால் போதும். ஐஸ் உருகினால் தண்ணீர்தான் குடிப்பீர்கள்.